தேத்தண்ணிக் கடையும் நெல் அறையும்

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கிறவர்களுக்கு வரைபடம் கீறிக் கொடுப்பது என் தொழில். போன வாரம் இங்கிலாந்துக் கிராமமொன்றில் ஒரு தவறணையை அளந்துகொண்டிருந்தேன். உம்மா தொலைபேசியில் கேட்டால், "பழைய கட்டடம் உம்மா" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். சாராயம் விற்கிற இடமென்று தெரிந்தால் அவவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. தவறணையின் முதுகோடு ஒட்டினாற்போல் ஒரு தானியக் கொட்டகை. அதன் கதவைத் திறந்ததும் வைக்கோல் புழுதியும் பழைய மரமும் கலந்த வாசம். மனசால் நான் எங்கள் ஊர் நிந்தவூருக்குப் போய்விட்டேன்.

வாப்பாவின் தேத்தண்ணிக் கடையும் இப்படித்தான். பெரிய வீதியைப் பார்த்தபடி கடை, பின்னால் நெல் அறை, இரண்டுக்கும் பொதுவாக ஒரு சுவர். அந்தச் சுவரோரம்தான் அடுப்பு. "அடுப்புச் சூட்டுல மாரியிலயும் நெல்லு காயும்" என்பது வாப்பாவின் பெருமை. கூரைக்கு முதிரை மர வளை, பனங்கைமரம், மேலே பீலி ஓடு. வாசல் நிலை பதிவு, குனியாமல் நுழைந்து நெற்றியை இடித்துக்கொண்டவருக்கு வாப்பா ஒரு பிளேன்டீ இனாமாகக் கொடுப்பார்.

வாப்பா மௌத்தான பிறகு கடையை என் மூத்த சகோதரர், காக்கா, நடத்தினார். போன முறை ஊருக்குப் போனபோது அவர் வேனைக் கடற்கரை வீதியால் விடச் சொன்னார். பெரிய வீதியில் சனமாம். மறுநாள் தனியே நடந்துபோய்ப் பார்த்தேன். கடையுமில்லை, நெல் அறையுமில்லை. கண்ணாடி பூட்டிய போன் கடை ஒன்று நின்றது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். காக்கா நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"வளையெல்லாம் கறையான் தம்பி. மதராசா விட்டு வாற புள்ளயள் மழைக்கு அதுக்குக் கீழதான் ஒதுங்கும். பயத்துல உடைச்சுப் போட்டன். மன்னிச்சுக்க."

"ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?"

"சொன்னா நீ வேலையப் போட்டுட்டு ஓடி வந்திருவாயே!"

நான் வந்திருக்க மாட்டேன். 'காக்கா, நீங்களே பார்த்துச் செய்யுங்க' என்றுதான் சொல்லியிருப்பேன். அவரோ நான் ஓடி வருவேன் என்றே உண்மையாக நம்பினார்.

"அது இருந்த மாதிரி ஒரு படம் கீறித் தாவன்" என்றார், நான் திரும்பப் புறப்படும்போது.

ஓம் என்றேன். ஊரார் தவறணைக்கு ஒவ்வொரு மர முளையையும் குறித்துக் கொடுக்கிறவன் நான். கீற உட்கார்ந்தபோது, நெல் அறையின் சன்னல் எந்தப் பக்கம் என்பதிலேயே பென்சில் நின்றுவிட்டது. காக்காவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். கிழக்கு என்றார், பிறகு மேற்கு என்றார், பிறகு "ஒனக்கும் ஞாபகமில்லையா தம்பி?" என்று என்னையே கேட்டார்.