குறைந்தது இரண்டு பேர்

என் மனைவிக்கு மறதிநோய் என்று செங்கல்பட்டு மருத்துவர் சொன்ன அன்றே சபையின் வாட்ஸ்அப் குழுவில் அவளுக்காக ஜெபம் தொடங்கிவிட்டது. கைகூப்பிய படங்கள் விடாமல் வந்துகொண்டிருந்தன. நான் நிர்வாகப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு கோப்பில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த வேலையை இனி யாரும் செய்யப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

நாங்கள் இருப்பது சதுரங்கப்பட்டினத்தில். எங்கள் சபையில் பாதிப்பேர் என்னைப் போல வேலைக்காகத் தெற்கிலிருந்து வந்து தங்கிவிட்டவர்கள். மீதிப்பேர் இந்தப் பக்கத்துக்காரர்கள்; அவர்களுடைய பாட்டன்மார் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். ஒரே கோயில், ஒரே ஆயர், இரண்டு ஆராதனை. விடியற்காலை ஆராதனைக்கு அவர்கள் வருவார்கள், எட்டரை ஆராதனைக்கு நாங்கள். இப்படிப் பிரிக்கச் சொல்லி எந்தத் தீர்மானமும் நிறைவேறியதில்லை. தீர்மானம் போடாமல் நடப்பவைதான் சபையில் நெடுநாள் நிலைக்கும். என் மனைவி விடியற்காலைக்காரர்கள் வீட்டுப் பெண். என்னைக் கட்டிக்கொண்டதால் எட்டரைக்கு வந்தவள். பாடகர் குழுவில் சேர்ந்தாள், எங்களைப் போலப் பேசப் பழகினாள். நோய் முதலில் கொண்டுபோனது அந்தப் பேச்சைத்தான்.

பிரசங்கத்தின் நடுவே ஒருநாள் அவள் எழுந்து நின்று, "போதும் நைனா, சோறு ஆறிப் பூடும்" என்றாள். கோயிலே சிரித்தது. அதற்குப் பின் எங்கள் பெஞ்சில் உட்காருபவர்கள் குறைந்தார்கள். பிறகு ஒரு நற்கருணை ஞாயிறு, பீடத்தில் அப்பமும் திராட்சரசமும் வாங்கும் நாள். பீடத்தின் முன் முழங்காலிட்டவள், ஆயர் நீட்டிய பாத்திரத்தை இரு கையாலும் பற்றிக்கொண்டு விட மறுத்தாள். இழுபறியில் திராட்சரசம் அவருடைய வெள்ளை அங்கியில் கொட்டியது. அடுத்த முறை நாங்கள் முழங்காலிட்டபோது எங்கள் இரு பக்கமும் யாரும் வரவில்லை. பின்னால் வரிசை நின்றது. ஆனால் அது அடுத்த பந்திக்காகக் காத்திருந்தது.

அந்த வாரம் ஆயர் வீட்டுக்கு வந்தார். நல்ல பிள்ளை, என் மகன் வயது.

"சார், அம்மாவுக்கு எதுக்கு இந்த அலைச்சல்? ஆராதனைய யூடியூப்ல பாக்கட்டும். நற்கருணைய நானே வீட்டுக்குக் கொண்டாந்து குடுத்துடறேன்."

"யாருடைய அலைச்சல் ஐயா?"

அவர் தேநீரைப் பார்த்தார்.

"சரி, கொடுங்கள். ஆனால் வீட்டில் கொடுக்கும்போது நோயாளியோடு குறைந்தது இரண்டு பேராவது சேர்ந்து எடுக்க வேண்டும் என்று ஆராதனை முறைமைப் புத்தகத்தில் இருக்கிறதே. ஒருவர் தனியாகச் சாப்பிட்டால் அது விருந்தில்லை, பத்தியம்."

"அதெல்லாம் இப்ப யாரு சார் பாக்குறாங்க?"

"நான் பார்க்கிறேன்."

அவளைச் சபை நீக்கவில்லை. நீக்கியிருந்தால் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது, எழுதுவதற்கு ஆளாக நானே இருக்கிறேன். அன்போடு ஒதுக்கிவைப்பதற்கு எதிராக எந்த விதியும் இல்லை. அந்த இரண்டு பேர் விதி ஒன்றுதான் என் கையில் இருந்தது. சபை அவளோடு உட்கார்ந்து ஒருமுறை சாப்பிட வேண்டும். அவள் இன்னும் எங்களில் ஒருத்திதானா என்பதை அதில் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மாலை என்று குழுவில் போட்டேன். கைகூப்பிய படங்கள் வந்தன. "கர்த்தர் கூட இருப்பார்" என்று பலர் எழுதினார்கள். தாங்கள் இருப்பதாக ஒருவரும் எழுதவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் நாற்காலி கேட்கப் போனேன். அவர் முருக பக்தர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஆள் கொறஞ்சா நான் வேணா வந்து குந்திக்கிறேன் சார்" என்றார். விதிப்படி அவர் திருமுழுக்குப் பெற்றவரல்ல. நாற்காலிகளை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை மனைவியைக் குளிக்கவைத்து வெள்ளைப் புடவை கட்டிவிட்டேன். நாற்காலிகளைக் கண்டதும் அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாதர் சங்கச் செயலாளர் போன் செய்தார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, பேத்திக்குப் பரதநாட்டிய கிளாஸ். மனசு பூரா உங்க வீட்லதான் இருக்கு." உடம்பையும் அனுப்பியிருக்கலாம்.

ஆயர் ஆட்டோவில் வந்து இறங்கினார். காத்திருந்தோம். கடல் காற்றில் மேசைமேல் விரித்த பீடத் துணி பறக்கிறதென்று நான்கு மூலையிலும் தம்ளர் வைத்தேன். வேறு யாரும் வரவில்லை. கடைசியில் ஆயர் வெளியே போய், ஆட்டோக்காரரை உள்ளே அழைத்துவந்தார். விடியற்காலை ஆராதனைக்கு வருபவர்.

"நீங்க ஒண்ணு, இவரு ஒண்ணு. ரெண்டாச்சு சார்."

கணவனைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று முறைமையில் இல்லை. நானும் இப்படி ஆள் கூட்டிப் பல கூட்டங்களைச் செல்லுபடியாக்கியிருக்கிறேன். தலையாட்டினேன்.

ஆயர் அப்பத்தை ஆசீர்வதித்து, பிட்டு, அவள் முன் நீட்டினார். அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"வாங்கிக்கோ" என்றேன்.

"மத்தவங்கல்லாம் எங்க?"

"வருவாங்க. நீ வாங்கிக்கோ."

"வர்ட்டும். பந்தி ரொம்பாம எப்டி கை வெக்கிறது? வூட்டுக்காரி நானு."

அறுப்பின் பண்டிகைச் சாப்பாட்டைப் பல வருடம் நடத்தியவள் அவள். பந்தி நிறையும் முன் இலையில் கைவைத்த பெரிய மனிதர்களையே அதட்டியிருக்கிறாள். ஆயர் மறுபடி நீட்டினார். அவள் அவர் கையை மெதுவாக ஒதுக்கி, காலி நாற்காலிகளைக் காட்டினாள். ஆட்டோக்காரர் குனிந்து, "எம்மா, நான் கீறேன் இல்ல? எனுக்காவ ஒரு வாய் வாங்கிக்கம்மா" என்றார். அவரை உற்றுப் பார்த்தாள். "நீ ஒர்த்தன் கீற. சபை எங்கப்பா?"



வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ஆயர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஆசீர்வதித்ததை மீதம் வைக்கவோ திருப்பிக் கொண்டுபோகவோ கூடாது. எடுத்தவர்களே அங்கேயே உண்டு தீர்க்க வேண்டும். இந்த விதியை எனக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. எங்கள் பங்கை எடுத்தோம். பிறகு அவளுக்கென்று பிட்டதையும், வரக்கூடும் என்று ஆயர் கூடுதலாகக் கொண்டுவந்திருந்ததையும் மூன்று ஆண்கள் நின்றபடியே மென்று விழுங்கினோம். ஆயர் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அலசி, அதையும் குடித்தார்.

அவள் எங்கள் வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்துவிட்டது.

"இன்னாய்யா இது, எல்லாரும் வர்றதுக்குள்ள துன்னுட்டீங்களா?"

ஆயருக்கும் எனக்கும் வேதம் தெரியும். சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆட்டோக்காரர் உதட்டைத் துடைத்துக்கொண்டு, "ஆமாம்மா, தப்புதான்" என்றார்.

அவள் வாசல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.