அவள் ஏன் சாவியைக் கொடுத்தாள்?

கல்லூரியில் அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘உள்நோக்கம் சார்’. பழைய ஆங்கில நாடகங்கள்தான் அவர் பாடம். ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்துக்குத் தண்ணீர் கொடுத்தால்கூட, புத்தகத்தை மூடிவிட்டு, “இதுல உள்நோக்கம் என்ன?” என்று வகுப்பைப் பார்த்துக் கேட்பார். யாராவது, “தாகமா இருந்திருக்கும் சார்” என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அந்தப் பையன் தொலைந்தான்.

இந்தப் பழக்கம் வகுப்பறையோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அது அவர் கூடவே பஸ் ஏறி வீட்டுக்கும் வந்தது. மச்சான் ஒருமுறை நல்ல மின்விசிறி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். தான் புதிது வாங்கிவிட்டதால் பழையது சும்மா கிடக்கிறது என்றான். அவர் அதை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு வருஷம் மச்சானோடு சரியாகப் பேசவில்லை. துறைத்தலைவர் தானாகவே முன்வந்து பெரிய அறையை ஒதுக்கியபோது, கூரை ஒழுகும் என்று இவர் முதல் நாளே சொன்னார். ஒழுகியது. அதிலிருந்து அவரைப் பிடிக்க முடியவில்லை.

ஆகவே, ஒரு சனிக்கிழமை மனைவி, “தையல் கடைக்குப் போயிட்டு வந்துடறேங்க” என்று கிளம்பி, கையில் துணியே இல்லாமல் போனபோது அவர் செய்தித்தாளைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

அடுத்த சனிக்கிழமையும் போனாள். அதற்கடுத்ததும். நடுவில் வேறு சில மாற்றங்கள். இஸ்திரி போடும்போது அவள் உதடு அசைந்தது. அவர் அறைக்குள் வந்ததும் நின்றது. மேடையில் ஒரு பாத்திரம் தனக்குள் பேசிக்கொள்வதும், இன்னொருவர் நுழைந்ததும் சட்டென்று மௌனமாவதும் எதற்கு அடையாளம் என்று அவருக்கா தெரியாது? அதை வைத்தே இரண்டு வாரம் பாடம் நடத்தியவர். ஒருநாள் அவள் கழுத்தோரத்தில் வெள்ளைப் பவுடர் திட்டாக ஒட்டியிருந்தது. தொலைபேசி அடித்தால் அவள்தான் முதலில் ஓடினாள். “சரி... சரி... நான் பார்த்துக்கறேன்” என்று நாலே வார்த்தையில் முடித்தாள்.

“யாரு?”

“மருந்துக்கடைக்காரர்.”

“அவருக்கு என்ன வேணுமாம்?”

“தலைவலி மாத்திரை வந்திருக்காம்.”

மாத்திரை வந்திருப்பதைச் சொல்ல எந்த மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குப் போன் செய்கிறார்? அவர் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். வில்லனைப் பிடிக்க வேண்டுமானால் அவனைப் பேசவிட வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

மச்சானிடம் மெல்ல விசாரித்தார். “உங்க அக்கா இப்போல்லாம் கொஞ்சம் ஒரு மாதிரியா இல்ல?”

“சந்தோஷமா இருக்கா மாமா. அதைச் சொல்றீங்களா?” என்றான் மச்சான்.

சந்தோஷமாகத்தான் இருந்தாள். அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சியாக அவருக்குப் பட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், சனிக்கிழமை மத்தியானம் பாத்திரம் துலக்கிக்கொண்டே அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் பின்தொடர்ந்தார். படித்த மனுஷன், பின்தலையில் வழுக்கை விழுந்தவர், விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து போனார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தேகம் வெட்கத்தின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிற்று. அவள் தையல் கடையைத் தாண்டினாள், மருந்துக்கடையையும் தாண்டினாள். அச்சகம் ஒன்றின் பக்கவாட்டுப் படிகளில் ஏறி மேலே போனாள். மருந்துக்கடையில் பூட்டுத் தொங்கியது.

அவர் படியேறினார். மேலே மூடிய கதவு. உள்ளே ஓர் ஆணின் குரல்.

“அவரு திரும்பி வரமாட்டாரு. எத்தனை நாளைக்கு இப்படிப் பயந்துகிட்டே இருப்பே?”

பிறகு, சந்தேகமே இல்லாமல், அவர் மனைவியின் குரல். “வந்துட்டா? அவர் கண்ணைப் பார்த்து என்னால பொய் சொல்ல முடியாது.”

“சாவி உன்கிட்டதானே இருக்கு?”

“இருக்கு. இந்தா, எடுத்துக்கோ. இனிமே இது என்கிட்ட இருக்க வேண்டாம்.”

அவருடைய கை தன்னையறியாமல் சட்டைப்பையைத் தொட்டது. வீட்டுச் சாவி அங்கேதான் இருந்தது. இன்னொன்று அவளிடம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் தாள்கள். நடுவில் மருந்துக்கடைக்காரர் தலையில் அட்டைக் கிரீடம் மாதிரி எதையோ மாட்டிக்கொண்டு நின்றார். எதிரே மனைவி, கையில் ஒரு பெரிய இரும்புச் சாவியோடு.

“யாரு சார் நீங்க? நடிக்க வந்தீங்களா?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“என் வீட்டுக்காரர்” என்றாள் மனைவி. அவள் முகம் சிவந்துவிட்டது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அது அவருடைய நாடகம். அவர் இருபது வருஷத்துக்கு மேலாக வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நாடகம். மருந்துக்கடைக்காரர் அதைப் பேச்சுத் தமிழில் எழுதியிருந்ததால், தலைகீழாகத் தெரிந்த வசனத்தை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

கதை இதுதான். ஒரு பிரபு போருக்குப் போகிறார். கோட்டைச் சாவியைத் தம்பி மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் செத்துவிட்டதாகச் செய்தி வருகிறது. கோட்டையை அவள் சுருட்டப்போகிறாள் என்று எல்லோரும் முணுமுணுக்கிறார்கள். ஆனால் மூன்றாம் அங்கத்தில் அவள் சாவியைத் தானாகவே படைத்தலைவன் கையில் கொடுத்துவிடுகிறாள். அந்தச் சாவியாலேயே அவன் பிற்பாடு அழிகிறான். அவள் ஏன் கொடுத்தாள் என்று நாடகத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்த இடத்தில்தான் நம்முடைய ஆள் பூந்து விளையாடுவார். அது தந்திரம், பெருந்தன்மை போட்ட முகமூடி, ஆபத்தை அடுத்தவன் தலையில் கட்டும் சூழ்ச்சி என்று ஒரு மணி நேரம் பேசுவார். நாடகத்தின் கருப்பொருளே வஞ்சகம்தான் என்று முடிப்பார்.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் கேட்டார். “ஏன் என்கிட்ட மறைச்சே?”

“மருந்துக்கடைச் சுவத்துல ‘நடிக்க ஆள் தேவை’ன்னு ஒட்டியிருந்தாங்க. போகணும்னு தோணிச்சு, போனேன். உங்ககிட்ட சொன்னா ஏன்னு கேட்பீங்க. ஏன்னு எனக்கே தெரியாது. தெரியாதுன்னு சொன்னா நம்பவும் மாட்டீங்க.”

அவருக்குக் கோபம் வந்தது. எத்தனையோ நாடகங்கள் இருக்க, அந்த மருந்துக்கடைக்காரர் இதை ஏன் தேர்ந்தெடுத்தார்? அந்த வேஷத்தை இவளுக்கு ஏன் கொடுத்தார்? ஒத்திகை நடந்த மாதங்கள் பூராவும் இந்தக் கேள்விகள் அவரைக் குடைந்தன. மருந்துக்கடை வழியாகப் போகும்போது வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் நடந்தார்.

நாடகம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. அவர் கடைசி வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு, தவறு பிடிக்க உட்கார்ந்திருந்தார். படைத்தலைவன் வேஷம் போட்ட மருந்துக்கடைக்காரர் வசனத்தை மறந்தார். கோட்டைச் சுவர் ஆடியது. அவருக்கு உள்ளூர ஒரு திருப்தி.

மூன்றாம் அங்கம் வந்தது. மனைவி மேடையின் நடுவுக்கு வந்தாள். வஞ்சகமான ஓரப்பார்வை, அடக்கிய புன்னகை, அவர் வகுப்பில் வர்ணிக்கும் எதுவும் இல்லை. படைத்தலைவனின் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. சாவியை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டதும் உள்ளங்கையை உடையில் மெல்லத் தேய்த்துக்கொண்டாள். தோள் ஒரு விரல்கடை கீழே இறங்கியது. அவ்வளவுதான். பெரிய பாரத்தை இறக்கிவைத்தவள் போல உள்ளே போய்விட்டாள்.

மண்டபம் அசையவில்லை. அவர் கட்டியிருந்த கை எப்போது அவிழ்ந்தது என்று அவருக்கே தெரியாது. அந்தச் சாவிக்குக் கனம் உண்டு என்று இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவருக்குத் தோன்றியதில்லை.

வெளியே வந்ததும் கேட்டார். “அந்தம்மா ஏன் சாவியைக் கொடுத்தா?”

“யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு ஒத்திகையிலயும் வேற வேற மாதிரி இருந்துச்சு. இன்னைக்குக் கனமா இருந்துச்சு. குடுத்துட்டேன்.”

அதை மறுக்க அவர் தொண்டையில் நல்ல வாதம் ஒன்று தயாராக இருந்தது. மென்று விழுங்கினார்.

அந்தப் பருவத்தில் அவர் வகுப்பில் இரண்டு விளக்கங்களையும் சொன்னார். அவள் சூழ்ச்சிக்காரியாக இருக்கலாம். களைத்துப் போனவளாகவும் இருக்கலாம் என்றார். வகுப்பு திகைத்தது.

“பரீட்சைக்கு எதை எழுதறது சார்?” என்றாள் ஒரு மாணவி.

“எதை வேணா எழுது. ஆனா நாடகத்துலேருந்து ஒரு வரியாவது காட்டணும்.”

மாணவர்கள் நம்பவில்லை. இதில் ஏதோ பொறி இருக்கிறது, வினாத்தாளில் மாட்டிவிடப்போகிறார் என்று நடைபாதையில் கூடிக் கூடிப் பேசினார்கள்.

மனைவி அடுத்த நாடகத்திலும் சேர்ந்தாள். அவர் ஒரேயடியாக மாறிவிட்டார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மருந்துக்கடைக்காரரை இன்றுவரை அவருக்குப் பிடிக்காது. இருந்தாலும் ஒருநாள், ஒத்திகையே இல்லாத கிழமையில் அவள் புறப்பட்டு நின்றபோது, வாய்வரை வந்த கேள்வியை விட்டுவிட்டு, “மழை வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்துட்டுப் போ” என்றார்.

அவள் வாசலில் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்ன திடீர்னு இவ்வளவு அக்கறை?” என்றாள். குடையை வாங்கி, கம்பி ஏதாவது உடைந்திருக்கிறதா என்று விரித்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினாள்.