பொயிலருக்குள் நொச்சியிலை

மாமா மலாயாவில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்து கோப்பாயில் கட்டிய வீட்டில் எத்தனை அறைகள் என்று மாமிக்கே சரியாகத் தெரியாது. பெண்மக்கள் எல்லாரும் பிள்ளைப்பேற்றுக்கு அங்கேதான் வருவார்கள். வருடம் முழுக்க யாருக்காவது சுடுதண்ணீர் வேண்டும். அதற்கு என்ன வாங்குவது என்பதில் வீடு இரண்டுபட்டது. பெரிய செப்புக் கிடாரம் ஒன்றைக் கல்லடுப்பில் ஏற்றினால் போதும் என்றார் மாமி. மாமா, தண்ணீர் கொதிக்க வைக்கும் இரும்புப் பொயிலர் பக்கம் சாய்ந்தார். சாய வைத்தவன் நான்.

"நீர் மலைநாட்டிலை வேலை செய்யிறனீர், தம்பி. உமக்குத் தெரியாததே?" என்றார்.

தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிளாக்கர். துரையின் பங்களாப் பொயிலரை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் மாமனாரிடம் தெரியாது என்று சொல்ல எந்த மருமகனுக்கு வாய் வரும்? இரும்பு, ஆவி, அமுக்கம் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் விளக்கினேன்.

பட்டணத்து வியாபாரி ஒருவர் பொயிலரைப் பரீட்சைக்குப் பூட்டித் தந்தார். பிடித்தால் வைத்திருக்கலாம், இல்லாவிட்டால் அவரே எடுத்துக்கொள்வார். குளிக்கிற அறைச் சுவருக்கு வெளியே, அடுப்புக்கு மேல் மூடிய இரும்புப் பீப்பா. அதற்கும் மேலே தண்ணீர்த் தாங்கி. சுவரைத் துளைத்து உள்ளே போகும் பைப் ஒன்று. ஆவி போவதற்குக் கூரைக்கு மேல் நீட்டிய மெல்லிய குழாய் ஒன்று.

முடிவு கேட்க வியாபாரியின் ஆள் வரும் நாளும், பிள்ளை பெற்றிருந்த என் மனைவிக்கு வேது தண்ணீர் வார்க்கும் நாளும் ஒன்றாக வந்தன. நொச்சி, பாவட்டை, ஆடாதோடை எல்லாம் போட்டு அவித்த தண்ணீர்தான் அதற்கு வேண்டும்.

"இலையளை எதுக்குள்ளை போட்டு அவிக்கிறது? உதின்ரை மூடி திறக்கேலாதே!" என்றார் மாமி, வென்றுவிட்ட முகத்தோடு.

விடுவேனா? "மேல் தாங்கிக்குள்ளை போடுங்கோ மாமி. தண்ணியோடை தானாய் இறங்கும்."

அந்த ஒரு விஷயத்தில் நான் சொன்னது சரி. இறங்கின.

மாமி, மனைவி, குழந்தை மூவரும் உள்ளே. நான் வெளியே அடுப்படியில். கொஞ்ச நேரத்தில் மாமியின் குரல்: "தம்பி, தண்ணி நூல் மாதிரி வருது. இன்னுங் கொஞ்சம் எரியுங்கோ!"

எரித்தேன். நிமிர்ந்து பார்த்தால் கூரைக்கு மேல் குழாயில் ஆவியே இல்லை. ஆவியைக்கூட வீணாக்காத யந்திரம் என்று பெருமைப்பட்டேன். அப்போதுதான் பீப்பா உதைத்தது. உள்ளே யாரையோ அடைத்து வைத்ததுபோல 'தொம்' என்றது. பிறகு 'தொம் தொம்'. அடுப்புக் கற்கள் அசைந்தன.

எனக்கு விளங்கிவிட்டது. இலைகள் போய்க் குழாய்களை அடைத்துவிட்டன. இந்தப் பக்கம் பீப்பா. அந்தப் பக்கம் என் மனைவி. நடுவில் ஒரு சுவர்.

"மாமி! வெளியிலை வாங்கோ! வெடிக்கப் போகுது!"

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? பச்சை உடம்புக்காரியை ஈரத்தோடை காத்துக்குக் கொண்டு வரட்டோ? சன்னி வந்தால் ஆர் பாக்கிறது?"

வந்தால் சன்னி, வராவிட்டால் வெடி. நான் யோசித்து முடிப்பதற்குள் கால்கள் என்னைக் கேளாமலே கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. தண்ணீர் எடுக்கப் போனேன் என்று சொல்லலாம். கையில் வாளி இல்லை.

"இஞ்சாருங்கோ, நிக்கிறியளோ?" உள்ளேயிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"ஓம், நிக்கிறன்!" என்று கத்தினேன்.

"குரல் தூரத்திலை கேக்குதே?"

அதற்குப் பிறகு கிணற்றடியில் நிற்க முடியவில்லை. திரும்பி ஓடினேன். எரிகிற கொள்ளிகளை வெறுங்கையால் இழுத்து எறிந்தேன். பீப்பா என் காதுக்கருகே முக்கியது, முனகியது. கடைசிக் கொள்ளியை இழுக்கும்போது கண்களை இறுக மூடிக்கொண்டேன், மூடினால் வெடிக்காது என்பதுபோல.

'டுமீர்!'

வெடித்தது பீப்பா அல்ல. கூரைக்கு மேலிருந்த குழாயின் அடைப்பு. அவிந்த இலைக்கட்டி வானத்துக்குப் போக, பின்னால் பச்சைத் தண்ணீர் மழையாகப் பெய்தது. சத்தம் கேட்டு முற்றத்துக்கு வந்த மாமா அதில் முழுதாக நனைந்தார். நல்ல காலம், மேலே போய் வந்ததில் சூடு ஆறியிருந்தது.

அந்த உதைப்பில் குளிக்கிற அறைப் பைப்பின் அடைப்பும் விலகியிருக்க வேண்டும். உள்ளேயிருந்து மாமி: "ஆ, இப்ப நல்லாய் வருது. உப்பிடியே எரியுங்கோ தம்பி!"

சைக்கிளை உருட்டிக்கொண்டு வியாபாரியின் ஆள் வாசல் படலையடியில் நின்றான். "ஐயா, என்ன முடிவு?"

மாமாவின் வழுக்கையில் ஒரு நொச்சியிலை ஒட்டியிருந்தது. அதை எடுக்காமலே என்னைக் காட்டினார். "மருமோனைக் கேளும். அவருக்குத்தான் எல்லாம் தெரியும்."

"கொண்டு போங்கோ. இண்டைக்கே கொண்டு போங்கோ. நாங்கள் கிடாரம் வாங்கப் போறம்" என்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் என் மனைவி சிரித்தாள். "இப்ப குரல் கிட்டத்திலை கேக்குது."