பெயர் மாற்றிய மத்தியானம்

சென்ற மழைக்காலத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், மும்பை செம்பூரில் எங்கள் மூன்றாவது மாடி வீட்டில் நடந்தது இது. வீட்டில் நானும் கம்ப்யூட்டரும் மட்டும்தான் இருந்தோம்.

என் மனைவி கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறாள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, சமையலுக்கும் ஹார்பர் லைன் ரயிலுக்கும் நடுவே வருடக்கணக்காக எழுதிய அவளுடைய ஆய்வேடு அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது. திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். அதற்குமுன், சூத்திரங்களைப் புத்தகத்தில் வருவதுபோல் அழகாக அடுக்கித் தருகிற ஓர் அச்சுக்கோப்பு மென்பொருளில் அதை வடிவமைக்கச் சொல்லியிருந்தார்கள்.

“இன்னைக்கு ஒங்களுக்கு லீவுதான, அத மட்டும் ஏத்தி வையிங்க. வேற எதையும் நோண்டாதீய” என்று சொல்லிவிட்டு வகுப்பெடுக்கப் போனாள்.

ஏறவில்லை. பச்சைக் கோடு பாதி தூரம் ஓடும், நிற்கும், சிவப்பில் ஏதோ சொல்லும். அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு ஏற்றினேன். அதே இடத்தில் நின்றது. அந்தச் சிவப்பு வரியை உற்றுப் பார்த்தபோதுதான், என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள் நிற்பது தெரிந்தது.

கம்ப்யூட்டர் வாங்கிய அன்று அது பெயர் கேட்டது. ஆபீஸில் ஆங்கிலம், ரேஷன் கார்டில் மராத்தி, வீட்டுக்குள்ளாவது என் பெயர் என் எழுத்தில் இருக்கட்டும் என்று தமிழில் அடித்தேன். அந்தப் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் உண்டாகி, எங்கள் வீட்டுச் சங்கதி எல்லாம் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இந்த மென்பொருளோ வாசல் வரை வந்து, பெயர்ப்பலகை படிக்கத் தெரியாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

ஃபோல்டரின் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றினால் சரியாகும் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். நம் அக்கவுண்டுக்குள் இருந்துகொண்டே அதை மாற்ற முடியாது. இன்னொரு அக்கவுண்ட் தொடங்கி அதன் வழியாகப் போக வேண்டும். போனேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் மாறியது. சந்தோஷமாகப் பழைய அக்கவுண்டுக்குத் திரும்பினேன்.

திரை காலியாக இருந்தது.

அவள் வைத்திருந்த படம் இல்லை. ஆய்வேடு இருந்த இடத்தைத் திறந்தால் ஒன்றும் இல்லை. பெயர் சொல்லித் தேடினால் அப்படி எதுவும் இல்லை என்றது. நீலம், வெறும் நீலம், கரையே தெரியாத நீலம். அவளுடைய பென் டிரைவைச் செருகினேன். முதல் அத்தியாயத்தின் பழைய பிரதி ஒன்று மட்டும் இருந்தது. பெயர் மாற்றிய ஃபோல்டரைப் போய்ப் பார்க்கலாம் என்ற புத்திகூடப் பயத்தில் வரவில்லை. கீழே போகிற ஒவ்வொரு ஆட்டோவும் எங்கள் கேட்டில் நிற்பதுபோலவே கேட்டது.

ஸ்டேஷன் பக்கம் ரிப்பேர் கடை வைத்திருப்பவரைப் போனில் கூப்பிட்டேன். தாராவியில் பிறந்து வளர்ந்த தமிழர். நனைந்துகொண்டே வந்தார்.

“அண்ணே, டென்ஷன் எடுக்காதீங்க. ஃபார்மட் அடிச்சா ஏக்தம், அப்படியே புதுசு மாதிரி ஆயிடும்.”

“உள்ள இருந்ததெல்லாம்?”

“உள்ள எங்கண்ணே இருக்கு? நீங்களே பாருங்க, காலி. இல்லாதது எங்க போகப் போவுது?”

அவர் பொய் சொல்லவில்லை. எனக்கும் காலியாகத்தான் தெரிந்தது. பயந்தவனுக்கு யாராவது எதையாவது செய்தால் போதும் என்றிருக்கும். “அடிங்க” என்றேன். தன் பென் டிரைவைச் செருகிக் கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினார். எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று திரை கேட்டது. அவர் விரல் பொத்தானுக்குப் போனது.

வாசலில் குடை விழுந்த சத்தம்.

“பையா, ருக்கோ! மத் கரோ!” நிறுத்தச் சொல்லி, இந்தியில் என் மனைவியின் குரல்.

“அக்கா, தமிழ்லயே திட்டுங்க, புரியும்” என்று அவர் கையை எடுத்துவிட்டார்.

நனைந்த சேலையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. கத்தப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

“கடசியா என்ன செஞ்சீய?”

“ஃபோல்டர் பேர மாத்தினேன்.”

“அதுக்கு முந்தி எல்லாம் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அப்ப அத மட்டும் திருப்பி மாத்துங்க. ஒரு வரி தப்பாப் போனா அந்த வரியத்தான அழிக்கணும்? நோட்டையேவா கிழிப்பாவ?”

ரிப்பேர்க்காரர் பென் டிரைவை உருவிக்கொண்டார். மறுபடி அந்த இன்னொரு அக்கவுண்ட். ஆங்கிலப் பெயரோடு ஃபோல்டர் அங்கேதான் இருந்தது. அந்த ஆங்கிலப் பெயரை மட்டும் அழித்துவிட்டு என் பெயரைத் தமிழில் அடித்தேன். பள்ளிக்கூடத்தில் முதன்முதலாக எழுதியபோதுகூட அந்தப் பெயருக்கு நான் இப்படி நடுங்கியதில்லை. என் தோளில் அவள் கை இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினோம். கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் சுற்றின, சுற்றின.

அவள் வைத்திருந்த படம் வந்தது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் வந்தன. ஆய்வேட்டைத் திறந்து கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் அழுதாள். உடனே அதைப் பென் டிரைவில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று என்று பிரதி எடுத்தாள். பிறகு ஆங்கிலப் பெயரில் ஓர் அக்கவுண்ட் தொடங்கி அங்கே மென்பொருளை ஏற்றினோம். பச்சைக் கோடு கடைசி வரை ஓடியது.

ரிப்பேர்க்காரர் சாயா குடித்துவிட்டுப் போன பிறகு கேட்டாள்: “ஒங்க எழுத்தெல்லாமும் அதுக்குள்ளதான கெடந்துச்சு?”

ஆமாம். இருபது வருடத்துக்கு மேலாக நான் கிறுக்கிவரும் கவிதைகள், கவிதையாகாதவை, யாருக்கும் காட்டாதவை எல்லாம் அதே ஃபோல்டரில்தான் இருந்தன. வேறு எங்கேயும் பிரதி கிடையாது. அந்த மத்தியானம் முழுக்க அவை ஒருமுறைகூட என் நினைவுக்கு வரவில்லை. அதைச் சொன்னேன்.

“நல்ல கவிஞரு, போங்க” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எது போனால் நான் இல்லாமல் போவேன் என்பதை இத்தனை வருடம் எழுதி எழுதித் தேடியிருக்கிறேன். அது அவள்தான் என்று பயம் வந்து ஒரே மத்தியானத்தில் காட்டிவிட்டுப் போனது. அந்த நடுக்கம் விரல் நுனியில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன்.