பஸ்காரர் கோட்டு எந்தக் கொக்கியில்?

சலவைக்கடைக்காரருக்குத் தெருவில் 'மொடமொடா' என்றுதான் பெயர். கைக்குட்டைக்குக்கூடக் கஞ்சி போடுகிற கை அது. கடைச் சுவரெல்லாம் எண் போட்ட கொக்கிகள். யார் துணி எந்தக் கொக்கியில் என்பது முழுக்க அவர் தலைக்குள். போன மழைக்காலத்தில் வக்கீலின் கறுப்பு அங்கியை நர்ஸம்மாவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டுக்காரிக்கு ஒரே பாட்டு: "துணியை வெளுத்து வெளுத்து மூளையும் வெளுத்துப் போச்சு."

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மச்சினன்தான் கடையில் ஒரு புரோகிராம் போட்டுக் கொடுத்தான்.

"ஆள் பேரும் கொக்கி நம்பரும் அடிச்சு சேமிச்சிடுங்க மாமா. அப்புறம் பேரை மட்டும் அடிச்சா நம்பரைச் சொல்லிடும்."

"எங்கடா வச்சிருக்கும்? நெட்டுலயா?"

"இல்ல மாமா. புரோகிராமுக்குள்ளயே ஒரு சின்ன டேட்டாபேஸ் லைப்ரரி இருக்கு, கணக்கு நோட்டு மாதிரி அதுவே எழுதி வச்சுக்கும். வெளிய யாரையும் கேக்காது. கரண்ட் போனாலும் மறக்காது."

மறக்காது என்ற ஒரு வார்த்தைக்காகவே மொடமொடா அதை நம்பினார்.

ஒரு சனிக்கிழமை பஸ் ஓட்டுகிறவர் வந்தார். "அண்ணே, என் யூனிபார்ம் கோட்டு. திங்கட்கிழமை புது ரூட்டு. கோட்டு இல்லாம வண்டியில ஏற விடமாட்டாங்க."

மொடமொடா 'பஸ்காரர்' என்று அடித்தார். பதினேழு என்றது. பதினேழில் பேண்ட் தொங்கியது.

"இது நேத்து குடுத்தது. கோட்டு போன வாரமே குடுத்துட்டேனே!"

மறுபடி அடித்தார். பதினேழு. விரலை ஓங்கி அடித்தும் பார்த்தார். அதே பதினேழு.

"நீங்க கோட்டு குடுக்கவே இல்லியோ?"

"அப்ப நான் பொய் சொல்றேனா?" பஸ்காரர் முகம் சுருங்கியது.

வீட்டுக்காரி இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "யாருக்குத் தூக்கிக் குடுத்தீங்களோ!"

மொடமொடாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை கொடுத்துத்தான் விட்டோமோ? மச்சினனுக்குப் போன் போட்டார்.

"பேண்ட்டுக்கும் பஸ்காரர்னே போட்டீங்களா மாமா?"

"பின்ன? பேண்ட் குடுக்கும்போது மட்டும் டாக்டரா ஆயிடுவாரா?"

"ஒரு பேருக்கு ஒரு நம்பர்தான் நிக்கும். புதுசு போட்டா பழசு போயிடும்."

"ஒரு வார்த்தை சொல்லாமலா?"

"அது கேக்காது மாமா."

"மறக்காதுன்னியேடா!"

"மறக்கல. நீங்கதான் மாத்தச் சொன்னீங்க."

மொடமொடா போனையே முறைத்தார். அது மறக்கவில்லையாம், ஆனால் போய்விட்டதாம். அவர் வாயே திறக்கவில்லை, ஆனால் சொன்னாராம்.

மூவருமாகக் கொக்கி கொக்கியாகத் துழாவினார்கள். ஒரு தடிமனான கம்பளிக்குப் பின்னால் கோட்டு மொடமொடவென்று நின்றது. பஸ்காரர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார். மொடமொடாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"சரி, மூளை முழுசா வெளுத்துப் போகல," என்றாள் வீட்டுக்காரி. "சாயம்தான் கொஞ்சம் விட்டிருக்கு."

இனிமேல் ஆள் பேரோடு துணியின் பேரையும் சேர்த்து அடிக்கச் சொல்லி மச்சினன் கற்றுக்கொடுத்தான். அடுத்த முறை கோட்டு வந்தபோது மொடமொடா 'பஸ்காரர் யூனிபார்ம்' என்று கவனமாகப் போட்டு வைத்தார். பஸ்காரர் வாங்க வந்தபோது, 'பஸ்காரர் கோட்டு' என்று அடித்தார்.

இல்லை என்றது திரை.

கோட்டு அவர் மூக்குக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது.

"இருக்கா இல்லியா?" என்று வீட்டுக்காரி உள்ளிருந்து கேட்டாள்.

மொடமொடா கோட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "இருக்கு," என்றார் மெதுவாக. "ஆனா இல்லேங்குது."