கூடையோடு நடந்த மரகதம் அக்கா

மரகதம் அக்கா போய்விட்டார். இன்று விடியற்காலை... ஆவடியில், மகன் வீட்டில்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஃபேக்டரியில் சட்டை தைக்கிற செக்‌ஷனில் எனக்குப் பக்கத்து மெஷின் அவர். குவார்ட்டர்ஸிலும் பக்கத்து பிளாக்.

காலையிலிருந்து எங்கள் பழைய வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே கும்பிடு பொம்மைகள். "பாவம், சுகர் பேஷன்ட். உடம்பைக் கவனிக்கவே இல்லை" என்று ஒரு புண்ணியவான் எழுதியிருக்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கவனிக்கவில்லையா?

எண்பதுகளின் நடுவில் அக்காவுக்குச் சுகர் வந்தது. அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. "மாத்திரை மட்டும் போதாது. தினமும் காலைல நல்லா கை வீசி நடக்கணும்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

சொல்வது சுலபம்... அந்தக் காலத்தில் எங்கள் குவார்ட்டர்ஸில் வாக்கிங் என்றால் ஆபீசர்கள் போவது. பெண்கள் பால் வாங்கப் போகலாம், ரேஷனுக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம். சும்மா நடக்க மட்டும் போகக் கூடாது.

வீட்டில் அக்கா சொல்லிப் பார்த்தார். வீட்டுக்காரர் தணிகாசலம் பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லையாம்.

அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒயர் கூடை! "கையில கூடை இருந்தா எவளும் எங்க போறன்னு கேக்க மாட்டா வசந்தி. பாலுக்குப் போறோம்னு நெனச்சுக்குவாங்க."

இட்லிக்கு ஊற்றி அடுப்பில் வைப்பதற்கு முன்னால், இருட்டோடு இருட்டாக அக்காவும் துணைக்கு நானும் கிளம்புவோம். ஆளுக்கொரு காலிக் கூடை. ஆள் நடமாட்டம் இல்லாத தண்ணி டேங்க் ரோடு. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தால் நான் பின்னாலேயே ஓட வேண்டும். அப்படி ஒரு வேகம்.

அடுத்த டெஸ்ட்டில் சுகர் நன்றாக இறங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அக்கா என்ன செய்தார் தெரியுமா... கேன்டீனில் ஒரு ஜாங்கிரி வாங்கி, எனக்குப் பெரிய பாதியைக் கொடுத்துவிட்டுத் தானும் ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டார். "டாக்டரம்மாகிட்ட சொல்லிடாதடி!"

அந்தக் கூடைதான் வினையாகிவிட்டது.

பால் பூத் இருந்தது ஸ்டேஷன் பக்கம். நாங்கள் போனது நேர் எதிர்ப்பக்கம். திரும்பி வரும்போதும் கூடை காலி. வெறுங்கையோடு போயிருந்தால் பைத்தியம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். கூடையோடு போனதால் கதை கட்டிவிட்டார்கள்.

ஒருநாள் சாயங்காலம் ஜாக்கெட் அளவு கொடுக்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தணிகாசலம் அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"பால் பூத் அந்தாண்ட கீது. நீ காலிக் கூடைய எடுத்துகினு டேங்க் பக்கம் இன்னாத்துக்குப் போற? டீக்கடையில அல்லாரும் என்னப் பாத்து சிரிக்கறானுங்க!"

"டாக்டர் நடக்கச் சொன்னாங்கன்னு அன்னிக்கே சொன்னேனே..."

"நானும்தாண்ணா கூடப் போறேன்" என்றேன்.

"நீ சும்மா இரும்மா. நடக்கணும்னா ஊட்டுக்குள்ள நடக்கட்டும்."

வீட்டுக்குள் நடப்பதாம். ஒரு ரூம், ஒரு சமையற்கட்டு. அதையும் செய்தார் அக்கா. அடுப்புக்கும் வாசற்கதவுக்கும் நடுவே, கட்டிலைச் சுற்றிக்கொண்டு. காலங்காத்தாலே தலைக்கு மேல் திம் திம் என்று சத்தம் வருகிறது என்று கீழ்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அதோடு நின்றது.

சுகர் நிற்கவில்லை. தொண்ணூறுகளில் முதலில் ஒரு கால்விரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தையே... மெஷினின் பெடலை மிதிக்க முடியாமல் அக்கா வேலையை விட்டுவிட்டார்.

அதே சமயம் அண்ணனுக்கு பிரஷர் வந்தது. அவரையும் டாக்டர் நடக்கச் சொன்னார். உடனே வெள்ளை ஷூ, டீ ஷர்ட், குவார்ட்டர்ஸில் வாக்கர்ஸ் சங்கம், அதற்கு இவரே செயலாளர்! அக்கா கட்டையை ஊன்றிக்கொண்டு எழுந்து, ஊறவைத்த வெந்தயத்தைக் கொடுத்து அவரை அனுப்பிவைப்பார். ஒருநாள்கூட அவர் நடையை விட்டதில்லை என்று ஊரே மெச்சியது.

"உங்களுக்குக் கோபமே வராதா அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வராம என்ன? அவரு போனதும் ஜன்னல்கிட்ட உக்காந்து ரோட்டைப் பாப்பேன். இப்பல்லாம் பொம்பளைங்க எத்தினி பேரு நடக்கறாங்க தெரியுமா? வெறுங்கைய வீசிக்கிட்டு, வசந்தி... வெறுங்கைய வீசிக்கிட்டு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை.

இன்று மதியம் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன்.

அண்ணன் இந்த வயதிலும் நிமிர்ந்துதான் நிற்கிறார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார். "உனுக்கும் சுகராமே? டெய்லி நடம்மா. இவளும் ஒயுங்கா நடந்திருந்தா இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பா. எங்க சொன்னா கேட்டா?"

அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். "நடந்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. நீங்கதான் நிறுத்தினீங்க."

அவர் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

"நானா? எப்பம்மா?"

நடிப்பில்லை. மனிதருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை.

எனக்கு இருக்கிறது அக்கா. போய் வாருங்கள்.