கறுத்த தாம்பாளம்

இன்று மகள் புளி போட்டுக் குத்துவிளக்குத் தேய்க்கும் வாசனை, நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில், இன்று காடாகிவிட்ட எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் கொட்டிய பீலிக்கரைக்கே என்னை இழுத்துப் போகிறது. தொழிற்சங்கத் தலைவர் வருகிறார் என்றால், அம்மா கொழுந்துக் கறை படிந்த விரல்களால் ஆரத்தித் தாம்பாளத்தைப் புளியும் சாம்பலுமாக, தன் முகம் அதில் தெரியும்வரை தேய்ப்பாள். "ஒங்க லயத்த யாரும் தொட முடியாதுங்க" என்று, அவள் வைத்த பொட்டு காயும் முன்பே சத்தியம் செய்தவர், அந்த லயத்தை இடிக்கத் தோட்ட நிர்வாகத்தோடு ஏற்கெனவே பேசி முடித்திருந்தார். நிர்வாகம் எங்களைக் காலி செய்யச் சொன்ன பிறகும் ஓட்டுக் கேட்டு வந்தார். வழக்கம் மாறாமல் அம்மா ஆரத்தி எடுத்தாள். பொட்டுக்கு நெற்றியை நீட்டியவர், "என்னம்மா, தட்டு கறுத்துக் கெடக்கு?" என்றார்.

"ஒங்க சத்தியம் என்னான்னு தெரிஞ்ச அன்னையிலருந்து தேய்க்கலீங்க" என்றாள் அம்மா.